பவேரியா: சமஷ்டிக்குள் ஒரு 'சுதந்திர அரசு'

சமஷ்டி பற்றி நம்மவர்கள் பேசும் மேடைகளில் கனடா, சுவிற்சர்லாந்து, இந்தியா, ஜேர்மனி என்ற பெயர்கள் ஒரே மூச்சில் வந்துபோகும். அந்த நாடுகளுக்குள் ஒரு மாநிலம் எப்படி இயங்குகிறது, அங்குள்ள மக்கள் தங்கள் அடையாளத்தை எந்த அதிகாரத்தைக் கொண்டு காப்பாற்றுகிறார்கள், அந்த அடையாளம் பிறரை எப்படி நடத்துகிறது என்ற கேள்விகளுக்கு அந்த மேடைகளில் நேரம் இருப்பதில்லை.

நான் 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து தஞ்சம் கோரி ஜேர்மனிக்கு வந்தவன். அன்று நம்மவர்களில் பலர் வந்தது போலவே கிழக்கு பேர்லின் வழியாக வந்தேன். அகதிகளை மாநிலங்களுக்குப் பங்கிடும் முறையின்படி பவேரியாவுக்கு அனுப்பப்பட்டேன். அன்றிலிருந்து இந்த மாநிலத்தின் வடபகுதியில்தான் வாழ்கிறேன். 'நாங்கள் வேறு' என்று ஜேர்மனியில் மிக உரத்துச் சொல்லும் மாநிலம் இதுதான். அதேவேளை, 1957 முதல் இன்றுவரை ஒரே பழைமைவாதக் கட்சியின் தலைமையில் ஆளப்பட்டு வரும் மாநிலமும் இதுதான்.

ஒரு மாநிலம், பல நிலங்கள்

பவேரியாவின் பரப்பளவு சுமார் 70,550 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையையும் விடச் சற்றுப் பெரியது. சனத்தொகை 13 மில்லியனுக்கு மேல். ஜேர்மனியின் 16 மாநிலங்களில் பரப்பளவில் முதலாவது, சனத்தொகையில் இரண்டாவது.

தெற்கு எல்லையில் அல்ப்ஸ் மலைத்தொடர். ஜேர்மனியின் மிக உயரமான சிகரமான சுக்ஸ்பிட்ஸ (2,962 மீற்றர்) இங்குதான் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஏரிகள், பசும்புல் வெளிகள், பால்மாட்டுப் பண்ணைகள். தோற்காற்சட்டை, வெங்காயக் கூம்பு வடிவக் கோபுரம் கொண்ட கத்தோலிக்கக் கோயில், பின்னால் பனிமலை என்று உலகம் 'ஜேர்மனி' என நினைக்கும் சுற்றுலாப் படம் இந்தத் தென்மூலையினுடையது. அது முழு ஜேர்மனியும் அல்ல. முழு பவேரியாவும் அல்ல.

மியூனிக் நகருக்கு வடக்கே ஹல்லர்ட்டாவ் என்ற மேட்டுநிலம் வருகிறது. பியருக்குக் கசப்புச் சுவை தரும் ஹொப்ஸ் கொடி உலகிலேயே ஒரே தொடர்ச்சியாக அதிகம் பயிரிடப்படும் நிலம் அது. அதற்கும் அப்பால் டான்யூப் ஆறு மேற்கிலிருந்து கிழக்காக மாநிலத்தைக் குறுக்கறுத்து ஓடுகிறது. ஒஸ்ரிய எல்லையில் உள்ள பாசாவ் நகரில் டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடுகின்றன.

கிழக்கே, செக் நாட்டு எல்லையோரம் பவேரியக் காடு. 1970இல் ஜேர்மனியின் முதலாவது தேசியப் பூங்கா இங்குதான் திறக்கப்பட்டது. நீண்டகாலம் வறுமைப்பட்ட, இளைஞர் வேலை தேடி வெளியேறிய பகுதி அது. அதற்கு வடக்கே ஒபர்பால்ஸ். கெண்டை மீன் வளர்க்கும் நூற்றுக்கணக்கான குளங்களைப் பார்க்கும்போது வன்னிக்காரர் எவருக்கும் ஊர் ஞாபகம் வரும்.

வடக்கே பிராங்கோனியா. மைன் ஆற்றங்கரைச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அங்கே வைன்தான் ஊரின் பெருமை. சற்றுக் கிழக்கே பாம்பேர்க் பக்கம் போனால் ஊருக்கு ஊர் சிறு பியர் ஆலைகள். நூரன்பேர்க், பைரோய்த், அன்ஸ்பாக் ஆகியவை புரட்டஸ்தாந்து மரபில் வந்த ஊர்கள். வூர்ட்ஸ்பேர்க்கும் பாம்பேர்க்கும் கத்தோலிக்க ஆயர்களே அரசர்களாக இருந்து ஆண்ட ஊர்கள். தென்மேற்கே சுவாபியா, அங்கே பேச்சும் வேறு, சமையலும் வேறு.

இந்த வேறுபாடுகளை வெறும் சுற்றுலாச் செய்தியாக எண்ணக்கூடாது. என் பக்கத்து வீட்டு முதியவரிடம் "நீங்கள் பவேரியர்தானே" என்று கேட்டால், முகம் மாறி "நான் பிராங்கோனியன்" என்பார். பிராங்கோனியாவுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொடி உண்டு. 2006 முதல் ஒவ்வொரு ஆண்டும் யூலை தொடக்கத்தில் பிராங்கோனியர் தினமும் கொண்டாடப்படுகிறது.

ஒன்றாக்கப்பட்ட பவேரியா

பவேரியா ஆதியிலிருந்து ஒன்றாக இருந்த நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நெப்போலியன் காலத்துப் போர்களின் விளைவாக 1803க்கும் 1816க்கும் இடையில்தான் பிராங்கோனியாவும் சுவாபியாவின் கிழக்குப் பகுதியும் பவேரியாவுடன் சேர்க்கப்பட்டன. 1806இல் பவேரியா இராச்சியமானது. அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

அதன்பின் மன்னராட்சி பள்ளிக்கூடம், படை, சட்டம், விழா என்று பல வழிகளில் ஒரு பொது அடையாளத்தைக் கட்டியது. இன்று உலகப் புகழ்பெற்ற மியூனிக் ஒக்ரோபர் விழாவின் தொடக்கம் 1810இல் நடந்த முடிக்குரிய இளவரசரின் திருமணக் கொண்டாட்டமே. 'தொன்மையான பவேரியா' என்று காட்டப்படும் பல விடயங்களின் வயது இருநூறு ஆண்டுகளைச் சுற்றித்தான் இருக்கிறது. அடையாளங்கள் எல்லாம் இப்படித்தான் வளர்கின்றன. அதனால் அவை பொய்யாகிவிடுவதில்லை.

1871இல் பிரஷ்யாவின் தலைமையில் ஜேர்மன் பேரரசு உருவானபோது பவேரியா பேரம்பேசியே உள்ளே போனது. தனித் தபால் சேவை, தனிப் புகையிரத சேவை, சமாதான காலத்தில் தன் மன்னரின் கீழ் படை, பியர் வரி ஆகிய உரிமைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

1918 நவம்பரில் மன்னராட்சி கவிழ்ந்தது. பவேரியாவை 'சுதந்திர அரசு' என்று அறிவித்தவர் குர்ட் ஐஸ்னர். பேர்லினில் பிறந்த யூதர், சோசலிசவாதி. மன்னர் இல்லாத குடியரசு என்பதே அந்தச் சொல்லின் பொருள். நான்கு மாதங்களுக்குள், 1919 பெப்ரவரியில், ஐஸ்னரை ஒரு வலதுசாரித் தேசியவாதி சுட்டுக்கொன்றான். இன்று மாநில எல்லைப் பலகைகளில் அதே 'சுதந்திர அரசு' என்ற சொல்லைப் பெருமையுடன் தாங்கி நிற்பது பழைமைவாதப் பவேரியாதான்.

ஹிட்லரின் கட்சி பிறந்ததும் வளர்ந்ததும் மியூனிக்கில். முதலாவது நிரந்தர வதைமுகாம் 1933இல் அமைக்கப்பட்டது மியூனிக்கை அடுத்த டாஹாவில். பிராந்தியப் பெருமை மக்களை வெறியிலிருந்து தானாகக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆட்சிக்கு வந்த நாசிகள் மாநிலங்களின் அதிகாரங்கள் அனைத்தையும் பறித்து, எல்லாவற்றையும் பேர்லினில் குவித்தார்கள். போருக்குப் பின் ஜேர்மனியர் சமஷ்டியை அவ்வளவு இறுக்கமாக எழுதிவைத்ததற்கு இந்த அனுபவம் ஒரு முக்கிய காரணம்.

'இல்லை' என்று வாக்களித்த மாநிலம்

1946 டிசம்பரில் பவேரிய மக்கள் வாக்கெடுப்பு மூலம் தமக்கென ஓர் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டார்கள். மேற்கு ஜேர்மனி என்ற நாடு உருவாவதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பே இது நடந்தது.

1949 மேயில் ஜேர்மன் சமஷ்டி அரசியலமைப்பு மாநில சட்டசபைகளின் ஒப்புதலுக்கு வந்தபோது பவேரியா அதை நிராகரித்தது. 101 பேர் எதிர்த்தும் 63 பேர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். மத்திக்கு அதிகாரம் கூடிவிட்டது என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆனால் அதே அமர்வில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால், இது பவேரியாவையும் கட்டுப்படுத்தும். எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள், பிரிந்து போகவில்லை, உள்ளே இருந்து பேரம்பேசும் வழியைத் தெரிந்தெடுத்தார்கள்.

அந்த அரசியலமைப்பு மாநிலங்களுக்குத் தந்தவை காகித அதிகாரங்கள் அல்ல. பாடசாலைக் கல்வியும் பல்கலைக்கழகங்களும் மாநிலத்திடம். பொலிஸ் மாநில உள்துறை அமைச்சின் கீழ். மத்திய சட்டங்களை நடைமுறைப்படுத்துவதும் பெரும்பாலும் மாநில நிர்வாகமே. மாநில அரசுகள் அமரும் இரண்டாவது சபையில் உள்ள 69 வாக்குகளில் பவேரியாவுக்கு 6. நாடு மாநிலங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டை மூன்றில் இரண்டு பெரும்பான்மையாலும் நீக்க முடியாது. மாநில எல்லைகளை மாற்றிப் புதிதாக வகுப்பதானால் அங்கு வாழும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

அதேவேளை எல்லையும் தெளிவானது. பவேரியா பிரிந்து செல்வது குறித்து வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒருவர் தொடுத்த வழக்கில், மாநிலங்கள் பிரிந்துபோக அரசியலமைப்பில் இடமில்லை என்று 2016 டிசம்பரில் சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு கட்சி எப்படி ஒரு மாநிலமாகியது?

கிறிஸ்தவ சமூக ஒன்றியம், சுருக்கமாக சி.எஸ்.யு., போருக்குப் பின் உருவான கட்சி. கத்தோலிக்கரையும் புரட்டஸ்தாந்தினரையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருவது அதன் முதல் வேலையாக இருந்தது. ஆரம்பத்தில் அதற்குக் கடும் போட்டி இருந்தது. 1949 பாராளுமன்றத் தேர்தலில், பவேரியாவின் தனித்துவத்தை இன்னும் தீவிரமாகப் பேசிய பவேரியக் கட்சி மாநிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றது. தனித்துவக் குரலையும் மத்தியில் பங்கையும் ஒரே கட்சியால் தர முடியும் என்று காட்டித்தான் சி.எஸ்.யு. அந்தப் போட்டியாளரைக் கரைத்தது.

அதன் உத்தி எளிமையானது. அது பவேரியாவுக்கு வெளியே போட்டியிடாது. அதன் சகோதரக் கட்சியான சி.டி.யு. பவேரியாவுக்குள் போட்டியிடாது. மத்திய பாராளுமன்றத்தில் இரண்டும் ஒரே குழுவாக அமரும். இதனால் ஒரு மாநிலக் கட்சி மத்திய அமைச்சரவைகளில் நிரந்தரப் பங்காளியானது. 1976இல் பிரான்ஸ் ஜோசப் ஸ்ட்ரவுஸ் தலைமையில் அந்தக் கூட்டை உடைக்கத் தீர்மானித்தார்கள். சி.டி.யு. பவேரியாவுக்குள் வரும் என்ற நிலை உருவானதும் சில வாரங்களிலேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

பொருளாதாரமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. போருக்கு முன் பெரும்பாலும் விவசாய மாநிலமாக இருந்த பவேரியாவுக்கு, நாடு பிளவுபட்டதால் கிழக்கிலிருந்து நிறுவனங்கள் இடம்பெயர்ந்து வந்தன. சீமென்ஸ் பேர்லினிலிருந்து மியூனிக்கிற்கு வந்தது. சக்சனியில் இருந்த ஓட்டோ யூனியன், அதாவது இன்றைய அவுடி, இங்கோல்ஸ்டட்டிற்கு வந்தது. மாநிலங்களுக்கிடையிலான நிதிச் சமப்படுத்தல் முறையில் பல பத்தாண்டுகள் பிற மாநிலங்களின் பணத்தைப் பெற்ற பவேரியா, 1989 முதல் கொடுக்கும் மாநிலமாகியது. இன்று எல்லோரிலும் அதிகம் கொடுப்பது அதுவே. அதைக் குறைக்க வேண்டும் என்று முறையிடுவதும் அதுவே.

தேர்தல் வெற்றிகளுக்கு இன்னொரு வேர் ஊருக்குள் இருக்கிறது. தொண்டர் தீயணைப்புப் படை, வாத்தியக் குழு, கோயில் திருவிழா, விவசாயிகள் சங்கம் எங்கும் கட்சிக்காரர் இருப்பார். கட்சிக்காரராக அல்ல, ஊர்க்காரராக இருப்பார். 2003இல் அந்தக் கட்சி 60 வீதத்துக்கு மேல் வாக்குகளைப் பெற்றது. 2018இலும் 2023இலும் 37 வீதம் அளவுக்கு இறங்கியபோதும் முதலிடம் கைநழுவவில்லை. தற்போதைய முதல்வர் மார்க்குஸ் சோடர் நூரன்பேர்க்கைச் சேர்ந்த புரட்டஸ்தாந்துக்காரர். பிராங்கோனியர் ஒருவர் பவேரியாவின் முகமாக நிற்பதில் அந்தக் கட்சியின் கெட்டித்தனம் தெரியும்.

மியூனிக் என்ற மத்தி

மத்தியிடம் உரிமை கேட்கும் மாநிலம், தன் உள்ளூர்களுக்கு அதே உரிமையைக் கொடுக்கிறதா? பவேரியாவில் இதற்குப் பதில் கலவையானது.

1970களில் மாநில அரசு சிறு ஊராட்சிகளைப் பெரியவற்றுடன் இணைத்தது. 143 கிராமிய மாவட்டங்கள் 71 ஆகக் குறைக்கப்பட்டன. பிராங்கோனியாவில் உள்ள எர்மர்ஸ்ஹவுசன் என்ற சிற்றூர் இணைய மறுத்தது. ஊர் மக்கள் தங்கள் ஊராட்சி மன்றக் கட்டடத்தைக் காவல் காத்தார்கள். 1978 மேயில் நூற்றுக்கணக்கான பொலிஸார் புகுந்து கோப்புகளை எடுத்துச் சென்றார்கள். அந்த ஊர் விடவில்லை. 1994இல் தன் ஊராட்சியைத் திரும்பப் பெற்றது.

1980களில் ஒபர்பால்ஸின் வாக்கர்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் அணுக் கழிவு மீள்பதப்படுத்தும் ஆலை கட்ட ஸ்ட்ரவுஸ் அரசு முனைந்தது. மாவட்டத் தலைவர் ஹன்ஸ் ஷூயரர் ஒப்பமிட மறுத்தார். உடனே, மாவட்டத் தலைவரைத் தாண்டி மேல் அதிகாரிகள் அனுமதி வழங்கலாம் என்று மாநிலம் சட்டம் இயற்றியது. பேர்லினோ பொன்னோ தங்களுக்கு அப்படிச் செய்திருந்தால் மியூனிக் கொதித்திருக்கும். பழைமைவாதக் கட்சிக்கு வாக்களித்துப் பழகிய விவசாயிகளும் முதிய பெண்களும் வேலியோரம் நின்றார்கள். 1989இல் திட்டம் கைவிடப்பட்டது.

2019இல் நடந்தது வேறு. தேனீக்களையும் உயிரினப் பன்மையையும் காக்கச் சட்டம் வேண்டும் என்று இரண்டு வாரங்களில் 17 இலட்சத்துக்கும் அதிகமானோர் நகர, ஊர் அலுவலகங்களுக்குச் சென்று ஒப்பமிட்டார்கள். அரசு முரண்டு பிடிக்காமல் அந்தச் சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. நிலத்தின் மீதான பற்று பழைமைவாதிகளின் தனிச் சொத்தல்ல என்பதை அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு அகதிகள்

எனக்கு மிக நெருக்கமான பகுதி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் விரட்டப்பட்ட ஜேர்மனியரில் சுமார் 19 இலட்சம் பேர் பவேரியாவுக்கு வந்தார்கள். மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் என்ற அளவு. ஊர்க்காரர் அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. வீடுகளில் அறைகளைக் கட்டாயமாகப் பிடித்துத்தான் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள்.

ஆனால் அவர்கள் குடிமக்களாக ஏற்கப்பட்டார்கள், வாக்குரிமை பெற்றார்கள். 1952இல் மத்திய அரசு இயற்றிய சுமைப் பகிர்வுச் சட்டம், போரில் சொத்து இழக்காதவர்களிடம் அவர்கள் சொத்து மதிப்பில் பாதியை 30 ஆண்டுகளில் தவணையாக அறவிட்டு, இழந்தவர்களுக்கு வழங்கியது. கப்லோன்ஸ் என்ற ஊரின் கண்ணாடி, நகைத் தொழிலாளர்கள் கவுஃப்பொய்ரன் அருகே பழைய வெடிமருந்து ஆலை நிலத்தில் 'புதிய கப்லோன்ஸ்' என்ற குடியிருப்பையே எழுப்பினார்கள். சுடேட்டன் ஜேர்மனியரைப் பவேரியாவின் 'நான்காவது குலம்' என்று மாநில அரசு அறிவித்தது. எழுபத்தைந்து ஆண்டுகளில் அவர்களின் பேரப்பிள்ளைகளை வேறுபடுத்திக் காண முடியாது.

நாங்கள் வந்தபோது கதை வேறு. குறிக்கப்பட்ட மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வேலை இல்லை. பெரிய விடுதிகளில் ஓர் அறையில் பலர். பணத்துக்குப் பதில் உணவுப் பொதி. அரிசிச் சோறு உண்பவனுக்கு என்ன வேண்டும் என்று பொதி கட்டியவருக்குத் தெரியாது. அகதி விடுதிகள் நாடு திரும்பும் விருப்பத்தை ஊக்குவிக்க வேண்டும் என்ற வரி பல ஆண்டுகள் பவேரிய ஒழுங்குவிதியில் எழுத்திலேயே இருந்தது. முகாமின் அசௌகரியம் தற்செயலானதல்ல, அது கொள்கை என்பதை அந்த வரியைப் படித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

2012இல் வூர்ட்ஸ்பேர்க்கிலிருந்து அகதிகள் பேர்லின் வரை சுமார் 600 கிலோமீற்றர் நடந்தார்கள். அந்தப் போராட்டங்களுக்குப் பின்னரே உணவுப் பொதி முறையும் மாவட்ட எல்லைத் தடையும் தளர்ந்தன. 2015இல் பாசாவ் வழியாக ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தபோது தண்ணீரும் உடுப்பும் கொண்டு நின்றவர்களும் பவேரியர்தான். எல்லையை மூடச் சொன்னதும் பவேரிய அரசுதான். 2018இல் அரச அலுவலக வாசல்களில் சிலுவை மாட்ட ஆணையிட்டார்கள். அதே ஆண்டில் தஞ்சம் கோருவோருக்கான பெரும் மையங்களையும் திறந்தார்கள். வலதுபக்கம் நகர்ந்தால் தீவிர வலதுசாரிகள் கரைவார்கள் என்ற கணக்கு பலிக்கவில்லை. 2023 மாநிலத் தேர்தலில் 'ஜேர்மனிக்கான மாற்று' கட்சி 14.6 வீதம் பெற்றது.

நாம் எதைப் பார்க்கலாம்

பவேரியாவை நகல் எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. பவேரியர் ஜேர்மன் மொழியே பேசுபவர்கள். அவர்கள் மீது இன அழிப்பு நடக்கவில்லை. ஆனாலும் சில விடயங்கள் கண்ணில் படுகின்றன.

அடையாளத்தைக் கொடியும் விழாவும் மட்டும் காப்பதில்லை. பாடசாலை, பொலிஸ், வரிப்பணம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். நம் 13ஆவது திருத்தத்தில் பொலிஸ், காணி அதிகாரங்கள் எழுத்தில் இருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. இணைந்திருந்த வடக்கும் கிழக்கும் 2006இல் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிக்கப்பட்டபோது, இலங்கை - இந்திய ஒப்பந்தம் சொன்ன கிழக்கின் வாக்கெடுப்பு ஒருபோதும் நடந்திருக்கவில்லை.

அதேபோல், அதிகாரம் கிடைத்தபின் அதை ஆள்பவர் யார் என்பதும் பெரிய கேள்வி. பிராங்கோனியரின் மனத்தாங்கல், எர்மர்ஸ்ஹவுசன் ஊராரின் பிடிவாதம், முகாமில் பொதி வாங்கிய எங்கள் அனுபவம் எல்லாம் சுயாட்சி பெற்ற ஒரு மாநிலத்துக்குள்தான் நடந்தன. நமக்குக் கிடைக்கக்கூடிய எந்த ஏற்பாட்டிலும் யாழ்ப்பாணம் ஒரு மியூனிக் ஆகிவிடுமோ என்று மட்டக்களப்பிலும், மன்னாரிலும், வன்னியிலும் கேட்கிறார்கள். முஸ்லிம் மக்கள் 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டதை நினைவில் வைத்துக் கேட்கிறார்கள். வன்னியில் குடியேறிய மலையகத் தமிழர் காணி உறுதி கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளைத் தீர்வு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. தீர்வின் வரைவிலேயே அவற்றுக்கான பதிலும் எழுதப்பட வேண்டும்.